கப்பற் பயணமும் அறை உயர்வும்

உல்லாசக் கப்பலொன்றிற் பயணஞ் செய்வதற்குப் பணங்கட்டிக் காத்திருக்கும் ஒருவருக்கு, புறப்படும் நாளுக்குச் சில வாரங்கள் முன்னதாக ஒரு கடிதம் வருகிறது. இந்நாளில் அது பெரும்பாலும் மின்னஞ்சலாகவே வரும். தாங்கள் பதிவுசெய்த அறையைவிடச் சிறந்த அறையொன்றிற் பயணஞ் செய்ய விருப்பமா என்று அது வினவும். சாளரமில்லாத அறையைப் பெற்றவருக்குக் கடலை நோக்கிய பல்கனியின் படம் காட்டப்பட்டிருக்கும். பல்கனி அறையைப் பெற்றவருக்கு இன்னும் விசாலமான அறையின் படம் இருக்கும். படித்தவரின் உள்ளத்தில் இருவகை எண்ணங்கள் எழுதல் இயல்பு. கம்பனிக்குத் தம்மீது தனி மதிப்பு உண்டாகிவிட்டது என்று ஒரு சாரார் மகிழ்வர். இதிலே ஏதோ சூது இருக்கிறது என்று மற்றொரு சாரார் ஐயுறுவர். இரு சாராரும் அறியவேண்டியது, அக்கடிதத்தின் பின்னால் இருக்கும் கணக்கையே. அக்கணக்கு விளங்கினால், கடிதத்துக்கு என்ன மறுமொழி எழுதுவது என்பதும் விளங்கிவிடும்.

இக்காலத்து உல்லாசக் கப்பல்களில் அறைகள் பொதுவாக நான்கு தரத்தன. கப்பலின் உள்வயிற்றில், சாளரமின்றி, விளக்கொளியை மட்டுமே நம்பியிருக்கும் உள்ளறை முதலாவது. மூடிய கண்ணாடியினூடாகக் கடலைக் காட்டும் சாளர அறை இரண்டாவது. கதவைத் திறந்து வெளியே வந்து கதிரையில் அமர்ந்து காற்று வாங்கக்கூடிய பல்கனி அறை மூன்றாவது. மிகுந்த இடவசதியும் தனிப்பட்ட பணிவிடையும் உடைய சுவீற் எனப்படும் பேரறை நான்காவது. இந்நான்கினுள்ளும், அறை எந்தத் தட்டில் இருக்கிறது, கப்பலின் முற்பக்கமா நடுவா பிற்பக்கமா என்பவற்றைப் பொறுத்து உட்பிரிவுகள் பல உண்டு. ஒவ்வோர் உட்பிரிவுக்கும் ஒவ்வொரு விலை.

இவ்வறைகளின் தொகையும் சிறிதன்று. 2024 ஆம் ஆண்டு சனவரி மாதம் அமெரிக்காவின் மயாமித் துறைமுகத்திலிருந்து முதற்பயணம் புறப்பட்ட 'ஐக்கன் ஒவ் த சீஸ்' என்னும் கப்பல் 20 தட்டுக்கள் கொண்டது. அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் அதிலே 5,610 பேர் தங்கலாம். அஃதாவது 2,805 அறைகள். ஒரு சிறு பட்டினத்தின் வீடுகளை ஒத்த இவ்வறைகள் யாவும், கப்பல் நங்கூரந் தூக்கும் ஒரே நேரத்துக்குள் விலைபோய்விட வேண்டும்.

முற்காலத்துக் கப்பல்களில் இந்த நிலை இருந்ததில்லை. சுயஸ் கால்வாய் வழியாக வந்து கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டு அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற பி. அன்ட் ஓ., ஓரியன்ற் கம்பனிகளின் கப்பல்கள், மக்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லவே ஓடின. அவற்றிலே பிரயாணிகள் வகுப்பு வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். முதல் வகுப்பாரின் உணவு மண்டபம் வேறு. அவர்கள் உலாவுந் தட்டு வேறு. குளிரூட்டும் பொறிகள் இல்லாத அந்நாளிற் செங்கடலின் வெப்பம் கொடுமையானது. கிழக்கே வருங்காற் கப்பலின் இடப்புறத்து அறைகளும், மேற்கே திரும்புங்கால் வலப்புறத்து அறைகளும் வடக்கை நோக்கியிருப்பதால் வெயில் குறைந்தவை என்பர். செல்வச் செருக்கைக் குறிக்கும் 'போஷ்' என்னும் ஆங்கிலச் சொல், இவ்விருபுற அறைகளைக் குறித்த நான்கு சொற்களின் முதலெழுத்துக்களாற் பிறந்தது என்றும், அவ்வெழுத்துக்கள் செல்வரின் பயணச்சீட்டிற் பொறிக்கப்பட்டன என்றும் ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவ்வாறு பொறிக்கப்பட்ட சீட்டு ஒன்றேனும் இதுவரை கிடைத்ததில்லை. சொல்லாராய்ச்சியாளர் இக்கதையை ஏற்பதில்லை. ஆயினும் கதை நிலைத்து நிற்பதற்குக் காரணம் உண்டு. கப்பலில் ஒருவருடைய அறை எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டே அவருடைய தகுதியை அளப்பது மனித வழக்கமாக இருந்தது. அறை உயர்வுக் கடிதம் இன்றும் தட்டி எழுப்புவது அந்தப் பழைய ஆசையைத்தான்.

ஆகாய விமானங்கள் கடல் கடந்த பயணத்தைத் தம்வசமாக்கிய பின்னர், கப்பல்கள் பெரும்பாலும் உல்லாசத்துக்கென்றே ஓடலாயின. வகுப்புச் சுவர்கள் பெரிதும் நீங்கின. நாடக அரங்கும் நீச்சற் குளமும் பொதுவாயின. வேற்றுமை முக்கியமாக அறையில் வந்து தங்கியது. ஆகையால் அறையின் விலையை நிருணயிப்பதே கப்பற் கம்பனியின் தலையாய கலையாயிற்று.

இக்கலையின் அடிப்படை எளியது. விற்பனையாகாத அறை, கப்பல் துறைமுகத்தை விட்டு நீங்கிய கணமே பயனற்றதாகிவிடுகிறது. மாலைவரை விலைபோகாத மீனையாவது கருவாடாக்கலாம். வெறுமையான அறையை உப்பிட்டு வைத்து மறுவாரம் விற்க முடியாது. அப்படியானால் முதலிலேயே மலிவாக விற்றுவிடலாமே என்று கேட்கலாம். அவ்வாறு விற்றால், கடைசியிற் கூடிய விலை தரக் காத்திருப்பவருக்கு இடமில்லாமற் போய்விடும். இந்தச் சிக்கலை முதலில் ஆராய்ந்து விதியாக வகுத்தவர்கள் விமானக் கம்பனியினர். பிரித்தானிய அரசாங்கத்தின் பீ.ஓ.ஏ.சி. விமானச் சேவையிற் பணியாற்றிய கென்னத் லிற்றில்வூட் என்பவர் 1972 ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். குறைந்த கட்டணந் தருபவர் இன்று எதிரே நிற்கிறார்; கூடிய கட்டணந் தருபவர் நாளை வரக்கூடும், வராமலும் விடக்கூடும். வரக்கூடிய வாய்ப்பையும் அவர் தரும் தொகையையும் பெருக்கிப் பார். இன்று கிடைக்கும் தொகை அதனினும் பெரிதாயின் இன்றே விற்றுவிடு என்பது அவ்விதியின் சாரம். விமானத்திற் பிறந்த இந்தக் கணக்கு பின்னர் ஹொட்டேல்களுக்கும் கப்பல்களுக்கும் பரவியது.

கப்பலுக்கு மட்டும் உரிய வேறொரு காரணமும் உண்டு. விமானத்திற் பிரயாணி சில மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கிப் போகிறார். கப்பலில் அவர் ஒரு வாரம் வாழ்கிறார். பானங்கள், சூதாட்ட மண்டபம், கரையிறங்கிப் பார்க்கும் சுற்றுலா, கடை, ஒப்பனைக்கூடம் ஆகிய எல்லாவற்றிலும் அவருடைய பணம் செலவாகிறது. பெரிய கப்பற் கம்பனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 வீதம் இவ்வாறு கப்பலுக்குள் நிகழும் செலவிலிருந்தே வருகிறது. ஆகவே வெறுமையான அறை என்பது அறைக் கட்டணத்தின் இழப்போடு நிற்பதில்லை. அதில் இருந்திருக்கக்கூடிய இருவரின் செலவும் சேர்ந்தே இழப்பாகிறது. கம்பனியார் கப்பல் நிரம்பியதா என்பதை அளக்கும் முறையும் இதனைக் காட்டும். அறைக்கு இருவர் என்பதையே அவர்கள் நூறு வீதமாகக் கொள்கின்றனர். சில அறைகளில் மூன்றாம் நான்காம் படுக்கைகள் இருப்பதனால், கணக்கு நூறு வீதத்தைத் தாண்டிச் செல்வதுண்டு. மேலே கூறிய 5,610 பேருக்குரிய கப்பல், அதிக அளவாக 7,600 பேரை ஏற்கவல்லது.

இனி, அறை உயர்வின் கணக்கைப் பார்ப்போம். ஒரு கப்பலில் ஒரு சுவீற் விலைபோகாமற் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தொகைகள் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. அதை முழுவிலைக்கு வாங்க இனி ஒருவரும் வரப்போவதில்லை. பல்கனி அறையிலுள்ள தம்பதியர் 600 டொலர் கூடுதலாகக் கொடுத்து அதற்குப் போகின்றனர். அவர்கள் விட்ட பல்கனி அறைக்குச் சாளர அறையினர் 240 டொலர் கொடுத்து வருகின்றனர். அவர்கள் விட்ட சாளர அறைக்கு உள்ளறையினர் 100 டொலர் கொடுத்து ஏறுகின்றனர். இப்போது வெறுமையாயிருப்பது உள்ளறை. மலிவான உள்ளறையைக் கடைசி நேரத்தில் வாங்குவோர் எப்போதும் உளர். அது 800 டொலருக்கு விலைபோகிறது. வெறுமையாகப் போகவிருந்த ஒரு சுவீற், படிக்கட்டுப் போல இறங்கி இறங்கி, 1,740 டொலரை ஈட்டிக் கொடுத்துவிட்டது. அன்றியும், கப்பலில் மேலும் இருவர் செலவு செய்ய ஏறியிருக்கின்றனர். மேலே ஏற்றப்படுபவர், தம்மைக் கம்பனி தெரிந்தெடுத்தது என்று எண்ணுகிறார். கம்பனி தெரிந்தெடுத்தது அவர் விட்டுச்செல்லும் கீழறையை.

சுவீற்றை வெளிப்படையாக 900 டொலருக்கு விளம்பரஞ் செய்து விற்றால் என்ன? முழுவிலை கொடுத்தவர்கள் முறையிடுவர். வழக்கமாக வருபவர்கள் அடுத்த முறை கடைசி வாரம்வரை காத்திருக்கப் பழகிவிடுவர். தனிக் கடிதமாக அனுப்பப்படும் அறை உயர்வில் அந்த அபாயம் இல்லை. விளம்பரப்படுத்திய விலை குறையாமலே நிற்கிறது; அறையும் நிரம்புகிறது. அடுத்தடுத்த இரு அறைகளில் இருப்போர் முற்றிலும் வேறான தொகை கொடுத்திருத்தல் இதனாலேயே. முன்னாளில் வகுப்பு வேற்றுமை எல்லோர் கண்ணுக்குந் தெரிந்தது. இந்நாளில் விலை வேற்றுமை ஒருவர் கண்ணுக்குந் தெரிவதில்லை.

அறை உயர்வு பிரயாணியை வந்தடையும் வழிகள் மூன்று. முதலாவது, அறை எண்ணைக் குறிப்பிடாமற் பதிவுசெய்தல். இன்ன தரத்து அறை உறுதி. எந்த அறை என்பதைக் கம்பனி பின்னர் தீர்மானிக்கும் என்பது உடன்பாடு. இதற்கு விலை பெரும்பாலுங் குறைவு. பணங்கட்டிய தரத்துக்குக் கீழே கொடுப்பதில்லை. மேலான அறை கிடைத்தால் அதற்குக் கூடுதற் கட்டணமில்லை. இலவசமாக அறை உயர்வு பெற்றோம் என்று சொல்வோரிற் பலர் இவ்வழியாற் பெற்றவர்களே. ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. தெரிவுசெய்யும் உரிமையை அவர்கள் விற்றிருக்கின்றனர். நடன மண்டபத்துக்கு நேர்மேலே உள்ள அறையும், உயிர்காப்புப் படகு மறைக்கும் சாளரமும் இவ்வாறானவர்களுக்கே பெரும்பாலும் வந்து சேரும்.

இரண்டாவது, கம்பனியே ஒரு தொகையைச் சொல்லி அழைத்தல். தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ இவ்வழைப்பு வரும். பிரயாணிகள் பயணக் கட்டணத்தின் மீதியைச் செலுத்தவேண்டிய இறுதி நாள் பல கம்பனிகளிற் புறப்படுவதற்குச் சுமார் மூன்று மாதம் முன்னதாக அமையும். அந்நாளோடு மனம் மாறியவர்கள் விலகிவிடுவர். எந்த அறைகள் மிஞ்சின என்பது கம்பனிக்குத் தெளிவாகிவிடும். அழைப்புக்கள் அதன்பின் பெருகுவதற்குக் காரணம் இதுவே. நால்வர் தங்கக்கூடிய அறையில் இருவர் மட்டும் இருந்தால், அவர்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அவ்வறையைப் பிள்ளைகளோடு வரும் குடும்பத்துக்குக் கொடுப்பதும் கம்பனிக்கு இலாபம்.

மூன்றாவது வழி ஏலம். றோயல் கரிபியன், நோர்வீஜியன் முதலிய கம்பனிகள் இம்முறையைக் கையாள்கின்றன. கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள பிளஸ்கிரேட் என்னும் நிறுவனம் விமானக் கம்பனிகளுக்கும் கப்பற் கம்பனிகளுக்கும் இத்தகைய ஏலத்தை நடத்தும் இணைய ஏற்பாட்டைச் செய்து கொடுத்து வருகிறது. கம்பனி ஒரு குறைந்த தொகையைக் குறிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தரத் தயார் என்பதைப் பிரயாணி எழுதவேண்டும். தொகையைக் கூட்டக் கூட்ட, வாய்ப்பு மெலிது, நன்று, வலிது என்று காட்டும் ஓர் அளவுகோலும் திரையில் அசையும். ஏற்றுக்கொள்ளப்படும்வரை கேட்ட தொகையை மாற்றலாம், மீட்கலாம். ஏற்றுக்கொள்ளப்பட்டவுடன் பணம் அட்டையிலிருந்து எடுக்கப்படும். பின்னர் திரும்பி வராது. முடிவு புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னர்தான் வருவதும் உண்டு.

இந்த ஏலத்தின் தன்மையை ஆராயவேண்டும். ஊரிலே நிலமோ நகையோ ஏலம் போகும்போது, எதிரே நிற்பவர் கேட்ட விலை காதில் விழுகிறது. அதற்குச் சிறிது கூட்டிக் கேட்டாற் போதும். கப்பல் ஏலத்தில் எத்தனை அறைகள் உண்டு, எத்தனை பேர் கேட்கின்றனர், என்ன விலை கேட்டனர் என்பவற்றில் ஒன்றுந் தெரியாது. கேட்டவர் தாம் எழுதிய தொகை முழுவதையும் கொடுக்கவேண்டும். வில்லியம் விக்கிறி என்னும் பொருளியலறிஞர் 1961 ஆம் ஆண்டில் மூடிய ஏலங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வென்றவர், தமக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் விலையைக் கொடுக்கும் முறையில், ஒவ்வொருவரும் தம் மனத்திலுள்ள உண்மை மதிப்பையே எழுதுவது நன்மை தரும். வென்றவர் தாம் எழுதியதையே கொடுக்கும் முறையில், மதிப்பைவிடக் குறைத்தே எழுதவேண்டும் என்பது அவ்வாராய்ச்சியின் பயன். 1996 ஆம் ஆண்டில் அவருக்குப் பொருளியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. கப்பல் ஏலம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆதலால், அளவுகோல் 'வலிது' என்று காட்டும்வரை தொகையை உயர்த்துபவர், கம்பனி தட்டும் தாளத்துக்கு ஆடுபவராவார்.

எழுதும் தொகை ஒருவருக்கே உரியது என்பதையும் மறத்தலாகாது. அறையின் முதல் இருவருக்கும் தனித்தனியே அது அறவிடப்படும். 150 டொலர் என்று எழுதிய தம்பதியர் 300 டொலர் கொடுக்கவேண்டும். தனியே செல்பவரும் பெரும்பாலும் இருவருக்குரியதைக் கொடுக்கவேண்டியிருக்கும். ஏழு இரவுப் பயணமாயின் 300 டொலர் என்பது இரவொன்றுக்கு ஏறக்குறைய 43 டொலர். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி, ஆண்டுக்கணக்காகச் சேமித்த பணத்தில் ஒருமுறை கடற்பயணம் போகும் முதியோருக்கு இது சிறு தொகையன்று. ஆகவே விலை எழுதுமுன் ஒரு காரியம் செய்யவேண்டும். அதே கப்பலில், அதே நாளில், அந்த உயர்ந்த அறை இன்று என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்று விசாரிக்கவேண்டும். அதற்கும் தாம் கொடுத்ததற்கும் உள்ள வேற்றுமை ஏலத் தொகையைவிடக் குறைவாயிருத்தலும் உண்டு. அவ்வாறாயின், வேற்றுமையைக் கட்டி அறையின் எண்ணையும் தாமே தெரிந்து பெற்றுக்கொள்ளலாம். ஏலத்தில் வென்றவருக்கு அந்தத் தெரிவு இல்லை.

உயர்ந்த அறை எல்லாம் சிறந்த அறையாகா என்பது அடுத்து நினைக்கத்தக்கது. கடல் கொந்தளிக்கும்போது கப்பலின் முனைகள் எழுந்து தாழ்கின்றன. நடுப்பகுதி குறைவாகவே அசைகிறது. ஊஞ்சற் பலகையின் நடுவைத் தாங்கி நிறுத்தினால் நுனிகள் மிகுதியாக ஏறியிறங்குவது போன்றது இது. கப்பல் பக்கவாட்டிற் சாயும்போது மேற்றட்டுக்களின் அசைவு கீழ்த்தட்டுக்களைவிடக் கூடுதலாக உணரப்படும். ஆகையாற் கடல்நோய் காணும் உடம்புடையவர், நடுவேயுள்ள தாழ்ந்த தட்டில் இருக்கும் மலிவான அறையை விட்டு, முன்முனையின் உச்சியிலுள்ள விலையுயர்ந்த அறைக்குப் பணங்கொடுத்துப் போவது துன்பத்தை விலைக்கு வாங்குவதாகும். முழங்கால் வலியுள்ளவர் மின்தூக்கிக்கு அருகே தெரிந்தெடுத்த அறையை இழந்து நீண்ட நடைபாதையின் கோடியிற் போய்ச் சேரலாம். தாயும் மகளும் அடுத்தடுத்த அறைகளைப் பெற்றிருக்க, ஒருவருடைய அறை மட்டும் உயர்ந்து, இருவரும் வேறு வேறு தட்டுக்களிற் பிரிந்து போதலும் கூடும். சில கம்பனிகளில் சுவீற்றுக்குரிய நாளாந்தப் பணியாளர் வெகுமதி மற்ற அறைகளினும் அதிகம். அறை உயர்ந்தால் அதுவும் உயரும்.

காலமும் கவனிக்கத்தக்கது. கொரோனா நோய் காரணமாக 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உலகமெங்கும் உல்லாசக் கப்பல்கள் நின்றன. 2019 ஆம் ஆண்டில் 297 இலட்சமாக இருந்த பிரயாணிகளின் தொகை, 2023 ஆம் ஆண்டில் 317 இலட்சமாக உயர்ந்தது. கப்பல் நிரம்பினால் உயர்வுக்கு இடமில்லை. பள்ளி விடுமுறைக் காலத்தில் அழைப்புக்காகக் காத்திருப்பதிற் பயன் சிறிது. கூட்டங் குறைந்த பருவத்தில் வாய்ப்பு மிகுதி. நல்லாடை அணிந்து கருமபீடத்தில் இன்சொற் பேசினால் மேலறை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இப்போது பெரும்பாலும் இடமில்லை. அறைகளின் கணக்கைக் கணிப்பொறி பார்க்கிறது. அதற்கு ஆடையுந் தெரியாது, புன்னகையுந் தெரியாது.

எனவே அறை உயர்வுக் கடிதத்தைக் கண்டு மகிழவும் வேண்டியதில்லை, வெகுளவும் வேண்டியதில்லை. பதிவுசெய்யும் நாளிலேயே, எந்த அறை கிடைத்தால் மனநிறைவோடு பயணஞ் செய்யலாம் என்று தீர்மானித்து, அதையே வாங்கவேண்டும். மேலான அறை தமக்கு எவ்வளவு பெறும் என்பதைக் கடிதம் வருமுன்னரே ஒரு தாளில் இருவருக்குமாகக் கூட்டி எழுதி வைக்கவேண்டும். கடிதம் வந்தபின், அத்தாளிலுள்ள தொகைக்குக் கீழே கிடைத்தால் ஏற்கலாம். மேலே போனால் விட்டுவிடலாம். கம்பனி தன் கணக்கை முடித்துக்கொண்டுதான் கடிதம் அனுப்புகிறது. பெறுபவரிடமும் ஒரு கணக்கு ஆயத்தமாக இருந்தால், அந்த வியாபாரத்தில் இருவருமே நட்டமடைய மாட்டார். கணக்கில்லாமற் கையெழுத்திடுபவர், பல்கனியிலிருந்து கடலைப் பார்க்கும் நேரமெல்லாம் கொடுத்த பணத்தையே எண்ணிக்கொண்டிருப்பார்.